மூன்றாம் எண் வீட்டின் மெயின்

— அட்டையைத் திருப்பிக் காட்டுங்க. பின்பக்கம்.

— பின்பக்கம் ஒண்ணுமில்லைங்க. ஆபீஸ் விலாசம்தான்.

— அதைத்தான் பார்க்கணும். போன மாசம் இப்படித்தான் நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் வந்தான். கரண்ட் சோதனைன்னான். அடுத்த தெருவுல யமானே அம்மா வீட்ல ஒரு டப்பாவை மாட்டி, எண்பதாயிரம் யென் வாங்கிட்டுப் போய்ட்டான். திறந்து பார்த்தா உள்ளே ஒரு சிவப்பு பல்பு. வேற ஒண்ணும் இல்லை.

— நாங்க எதையும் விக்கறதில்லைங்க. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றோம், அளக்கறோம், சீட்டு எழுதிக் குடுக்கறோம், போயிடறோம்.

— அவனும் அப்படித்தான் ஆரம்பிச்சான். பேரு?

— இமாய். அட்டையிலயே இருக்கே.

— அட்டையில இருக்கறதை வாயாலயும் சொல்லணும்.

— ஒகினோ அம்மா, மன்னிக்கணும். இந்த வரிசையில நாலு வீடு. நாலும் உங்களுது. மத்தியானத்துலேருந்து மூணு பார்த்தாச்சு. ஒண்ணாம் நம்பர் நீங்க குடியிருக்கறது. அங்க அட்டையைப் பார்த்தீங்க. ரெண்டாம் நம்பர் நர்ஸ் பொண்ணு வீட்டு வாசல்ல பார்த்தீங்க. நாலாம் நம்பர்ல கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தீங்க. இப்ப இது நாலாவது தடவை.

— மூணாம் நம்பர்தான் முக்கியம். அதுக்காகத்தான் நானே ஃபோன் பண்ணி உங்களை வரவெச்சது.

— முடிச்சிடலாம். மூணே நிமிஷம்.

— அந்த மூணு நிமிஷத்தைப் பார்க்கணும்னுதான் குளிர்ல நிக்கறேன்.

— ஏன், என்ன அந்த வீட்ல?

— கரண்ட் இல்லை.

— பில் கட்டலையா?

— பில்லெல்லாம் கட்டறார். ஒரு யூனிட் எரிக்காம மாசா மாசம் கட்டறார். மெயின் சுவிட்ச் விழுந்து கிடக்கு. நவம்பர்லேருந்து.

— நவம்பரா? இப்ப பிப்ரவரிங்க.

— என்கிட்டயும் காலண்டர் இருக்கு. நவம்பர்ல ஒரு நாள் பூமி லேசா ஆடிச்சே, பீங்கானெல்லாம் கலகலன்னு. அன்னிக்கு விழுந்துது. மெயின் பக்கத்துல நான் வெச்சிருக்கறதைப் பார்த்தீங்கள்ல?

— பார்த்தேன். ஒரு கிண்ணத்துல குண்டு, குண்டுலேருந்து மெயினுக்கு ஒரு கயிறு. பூமி ஆடினா குண்டு உருண்டு விழுந்து மெயினை இழுத்து இறக்கிடும். எல்லா வீட்டுக்காரங்களும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது.

— ஐஸ் வைக்காதீங்க. அன்னிக்கு நாலு வீட்லயும் குண்டு விழுந்துது. எல்லாரும் வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு மெயினைத் தூக்கி விட்டாங்க. இவர் மட்டும் தூக்கலை. ஏன்னு கேட்டா 'பாதகமில்லை'ங்கறார். மெழுகுவர்த்தி ஏத்திக்கறார். மண்ணெண்ணெய் ஹீட்டரை மூட்டிக்கறார். மரச் சுவர், பாய் விரிச்ச தரை, எழுபத்தெட்டு வயசுல ஒத்தை ஆளு, கையில மெழுகுவர்த்தி! கேட்டீங்களா? போன வாரம் அது சாஞ்சு, பாய் இந்த அளவுக்குக் கருகிப்போச்சு. அந்தப் பக்கம் நர்ஸ் பொண்ணு, இந்தப் பக்கம் கைக்குழந்தை. எனக்குத் தூக்கம் போய் ஒரு வாரம் ஆகுது.

— நான் என்ன பண்ணணும்னு எதிர்பார்க்கறீங்க?

— வயரிங்ல ஒரு கோளாறும் இல்லைன்னு அதிகாரி வாயால அவர் கேக்கணும். கேட்டுட்டு மெயினைத் தூக்கணும். இல்லைன்னா மார்ச்சோட ஒப்பந்தம் முடியுது. நான் புதுப்பிக்க மாட்டேன்.

— எழுபத்தெட்டு வயசுல தனி ஆளு. வேற யாரு வீடு குடுப்பாங்க?

— யாரும் குடுக்க மாட்டாங்க. தெரிஞ்சுதான் சொல்றேன்.

— மன்னிக்கணும், நான் அதிகாரியெல்லாம் இல்லைங்க. அளக்கற ஆளு.

— அதை அவர்கிட்ட சொல்லாதீங்க. நெஞ்சை நிமித்தி நில்லுங்க. ஹதானோ சான்! ஹதானோ சான், நான்தான், கதவைத் திறங்க!

— திறந்துதான் இருக்கு, வீட்டுக்காரம்மா.

— பார்த்தீங்களா, பூட்டறதுகூட இல்லை. ஹதானோ சான், இவர் இமாய் சான். கரண்ட் சோதனைக்கு வந்திருக்கார். இமாய் சான், அட்டையைக் காட்டுங்க.

— வேணாம். கரண்ட் ஆபீஸ் ஆளுதான்.

— பார்க்காமலே எப்படித் தெரியும்?

— பையை இடது தோள்ல மாட்டியிருக்கார். வலது கையை வேலைக்குக் காலியா வெச்சிருக்கார். உள்ள வாங்க தம்பி. செருப்பு அப்படியே கிடக்கட்டும்.

— மன்னிக்கணும், தொந்தரவு பண்றேன். அம்மா, காலை எங்க வைக்கறதுன்னே தெரியலையே. மணி நாலுதான் ஆகுது, இவ்ளோ இருட்டு!

— பலகை அடைச்சு வெச்சிருக்கார், குளிருக்கு. நடுவுல நடங்க. இடது பக்கம் வாளி.

— வாளியா?

— நான் வெச்சது. வீட்டுக்கு ஒண்ணு, தண்ணி ரொப்பி.

— சாக்ஸ் நனைஞ்சு போச்சுங்க.

— இடது பக்கம்னு சொன்னேன்ல.

— டார்ச் போட்டுக்கறேன். ஆங், இதோ மெயின். குண்டு இன்னும் தொங்கிட்டே இருக்கு! நவம்பர்ல விழுந்தது அப்படியேவா?

— பாதகமில்லை. தொங்கட்டும்.

— கேட்டீங்களா? இதான். மூணு மாசமா இதேதான். சோறு எப்படி ஆக்கறீங்கன்னு கேட்டா பாதகமில்லை. குளிருதான்னு கேட்டா பாதகமில்லை. பாய் எரிஞ்சு போச்சேன்னா அதுவும் பாதகமில்லை. என் பாய்!

— புதுப் பாய் வாங்கிப் போட்டுடறேன், வீட்டுக்காரம்மா.

— பாய் யாருக்கு வேணும்?

— சரிங்க, சரிங்க. நான் ஆரம்பிக்கறேன். மெயின், இறக்கம், சரி!

— காதுகிட்ட கத்தாதீங்க. ரயில் டிரைவர் மாதிரி.

— பழக்கம்ங்க. விரலை நீட்டி, பார்த்து, வாய்விட்டுச் சொல்லணும். கண்ணு மட்டும் பார்த்தா ஏமாந்துடும்னு பயிற்சியில முதல் நாளே சொல்லிடுவாங்க. கிளை சுவிட்ச் ஒண்ணு, இறக்கம், சரி! கிளை ரெண்டு, இறக்கம், சரி! கிளை மூணு... இது நகர மாட்டேங்குதே.

— மூணாவது ஒட்டிக்கும். அடியில அழுத்தி இறக்குங்க.

— ஆமாங்க, இறங்கிடுச்சு. கிளை மூணு, இறக்கம்...

— சரி.

— ஐயா, நீங்களா சொன்னீங்க?

— எதை?

— 'சரி'ன்னு. விரலை நீட்டிட்டே சொன்னீங்க. சுவர்ல நிழல் விழுந்துது. நீங்க எங்க வேலை பார்த்தீங்க?

— அங்க இங்க.

— கதை அப்புறம் பேசலாம். அளங்க, இமாய் சான்.

— அளந்துட்டேதான் இருக்கேன். மெக்கர் மீட்டர் வெச்சாச்சு, கசிவு இருந்தா எண் குறையும். ஒண்ணாம் கிளை... நூறு. ரெண்டு... நூறு. மூணும் நூறு. அம்மா, போன வருஷம் கட்டின வீட்லகூட எனக்கு இப்படி வந்ததில்லை. ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. யாரோ கை வெச்சுக் கவனமாப் பார்த்திருக்காங்க. இணைப்பெல்லாம் முறுக்கிக் கட்டியிருக்கற அழகைப் பாருங்க.

— ஹதானோ சான், கேட்டீங்களா? அதிகாரி சொல்லிட்டார். ஒரு கோளாறும் இல்லை.

— சந்தோஷம்.

— அப்ப தூக்குங்க.

— இருக்கட்டும்.

— என்ன இருக்கட்டும்? எது இருக்கட்டும்?

— வயரிங் நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும், வீட்டுக்காரம்மா. நான்தான் முறுக்கினேன். குடி வந்த புதுசுல.

— நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா மூணு மாசமா இருட்டுல உக்காந்திருக்கீங்க?

— மன்னிக்கணும், நடுவுல பேசறேன். இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. அதுக்கு எப்படியும் மெயினைத் தூக்கித்தான் ஆகணும். இந்தச் சின்னச் சிவப்புப் பட்டன் இருக்கே, இதை அமுக்கினா மெயின் தானா விழணும். விழுந்தாத்தான் கரண்ட் கசிஞ்சா ஆளைக் காப்பாத்தும்னு அர்த்தம். உள்ளே கரண்ட் இருந்தாத்தான் அது விழும்.

— தூக்குங்க, அமுக்குங்க, முடிங்க.

— நான் தூக்கக் கூடாதுங்க. இறக்கறது நாங்க, தூக்கறது குடியிருக்கறவர். எங்க ஆபீஸ் விதி.

— இதென்ன விதி?

— அவர்தானே வீட்டுக்குள்ள சுத்திப் பார்த்து, எந்த பிளக் மாட்டியிருக்கு, எது மேல என்ன விழுந்து கிடக்குன்னு தெரிஞ்சவர். எங்காளு ஒருத்தர் அவரே தூக்கிட்டார். உள்ளறையில இஸ்திரிப் பெட்டி துணி மேல கவுந்து கிடந்திருக்கு. பெரிசா ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னிலேருந்து விதி.

— சரி, நகருங்க. நான் தூக்கறேன். என் வீடு.

— வாடகைக்கு விட்டவங்க தூக்கினாலும் சீட்டுல எழுத முடியாதுங்க. குடியிருக்கறவர் கை, குடியிருக்கறவர் முத்திரை.

— கல்யாணச் சடங்கா இது, அவர் கைதான் படணும்னு? ஹதானோ சான், விரலால ஒரு தள்ளு. அவ்ளோதான். நாலு வயசுக் குழந்தை பண்ணும்.

— முடியாதுங்க.

— ஏன் முடியாது? தோள்ல வலியா? ஸ்டூல் கொண்டு வரட்டுமா?

— வலியெல்லாம் இல்லை.

— இவர் சம்சாரம் மிச்சி சான் இருந்தப்ப இந்த வீடு எப்படி இருக்கும்! ராத்திரி பொதுக் குளியலறையில குளிச்சுட்டு வர்றப்ப தெருமுனையிலேருந்தே இந்த ஜன்னல் தெரியும். அக்டோபர்ல அவங்க தவறிப் போனாங்க. வருத்தமில்லாம இருக்குமா? எனக்கே இருக்கு. அதுக்காக அவங்களோட கரண்டும் போகணுமா?

— மெயினைத் தூக்கறது அவ வேலை.

— என்ன?

— எந்த வீட்ல இருந்தாலும் சரி. இறக்கறது நான், தூக்கறது அவ. முப்பது வருஷம். அவ ஊருக்குப் போனா, வர்றவரைக்கும் இறக்கியே வெச்சிருப்பேன்.

— இமாய் சான், இதுக்கு உங்க சீட்டுல ஏதாவது கட்டம் இருக்கா?

— இல்லைங்க. அம்மா, எனக்கு அஞ்சு மணிக்கு இன்னொரு வீடு இருக்கு. நான் வேணும்னா 'சோதனை முடியவில்லை'ன்னு எழுதிட்டு...

— எழுதாதீங்க! எழுதினா நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்.

— எழுதுங்க தம்பி. பாதகமில்லை. வீட்டுக்காரம்மா, நீங்க சொன்னது நியாயம்தான். மார்ச்ல நான் காலி பண்ணிடறேன்.

— எங்க போவீங்க?

— எங்கயாவது.

— எங்கயாவதுன்னா எங்க? ஆத்துப் பாலத்துக்கு அடியிலயா? அங்க போய் மெழுகுவர்த்தி ஏத்துவீங்களா? கடவுளே, இந்த மனுஷனை நான் என்ன பண்ணட்டும்! இமாய் சான், சொல்லுங்க. நாலு வீட்டுக்கும் வாளி வெச்சிருக்கேன். குண்டு கட்டி வெச்சிருக்கேன். கடைக்குப் போனாலும் மெயினை இறக்கிட்டுப் போங்கன்னு சொல்றேன். குளிக்கப் போனாலும் சொல்றேன். முதுகுக்குப் பின்னாடி என்னை 'மெயின் அம்மா'ன்னு கூப்பிடறாங்க, தெரியும். நான் ஏன் இப்படி இருக்கேன்னு நினைக்கறீங்க?

— சொல்லணும்னு அவசியமில்லைங்க...

— ஹதானோ சானுக்கு நூறு தடவை சொல்லியாச்சு. உங்களுக்கும் சொல்றேன். முப்பது வருஷத்துக்கு முன்னாடி, ஜனவரி விடியக்காலைல வந்த அந்தப் பூகம்பத்துல என் வீட்டுக்காரர் போய்ட்டார்னு எல்லாரும் சொல்வாங்க. அவர் பூகம்பத்துல போகலை. வீடு இடிஞ்சு இறங்கிடுச்சு, உத்தரத்துக்கு அடியில மாட்டிக்கிட்டார், கால் ரெண்டும் உள்ளே. ஆனா பேசினார். என் பேரைச் சொன்னார். தண்ணி கேட்டார். ஒரு ஜாக்கி இருந்தா தூக்கிடலாம்னு அவரே சொன்னார். கார் பட்டறை தேடி ஓடினேன். அதுக்குள்ள கரண்ட் வந்துடுச்சு.

— ஓ...

— ஹீட்டர் மாட்டியே இருந்தது. அது மேல படுக்கை விழுந்து கிடந்தது. கரண்ட் இல்லாதவரைக்கும் ஒண்ணுமில்லை. வந்தவுடனே புகைஞ்சுது. நான் ஜாக்கியைத் தூக்கிக்கிட்டு முனை திரும்பறேன், தெருவே தெரியலை. புகை. அடியில உயிரோட ஆளு கிடக்கான்னு தெரியாம, எவனோ ஒருத்தன், சூடான அறையில நாற்காலியில உக்காந்துக்கிட்டு, டக்குனு ஒரு சுவிட்சைத் தூக்கி விட்டான். அவ்ளோதான். முப்பது வருஷமா அவன் எங்கயோ நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்.

— சூடா இல்லைங்க.

— எது?

— அந்த அறை. ஜன்னல் கண்ணாடி எல்லாம் உடைஞ்சிருந்தது. கோட்டு போட்டுக்கிட்டுதான் இருந்தோம்.

— எந்த அறை? என்ன பேசறீங்க?

— ஐயா... நான் வெளிய நிக்கட்டுமா?

— நில்லுங்க இங்கயே. ஹதானோ சான், எந்த அறை?

— கரண்ட் கம்பெனியில பலகை வெச்ச அறை. சுவர் நீளத்துக்குப் பலகை, அதுல ஒவ்வொரு கரண்ட் பாதைக்கும் ஒரு விளக்கு. உங்க தெரு பதினேழாம் பாதையில வரும். அதே பாதையோட கோடியில ஒரு ஆஸ்பத்திரி. அங்கேருந்து ஃபோன் மேல ஃபோன். ஜெனரேட்டர் நின்னுபோச்சு, மூச்சுக் கருவியில நாலு பேர் இருக்காங்கன்னாங்க. அவங்களுக்கு அனுப்பணும்னா உங்க தெரு வழியாத்தான் அனுப்பணும்.

— மணி என்ன?

— வீட்டுக்காரம்மா...

— மணி என்னன்னு கேட்டேன்.

— ஏழு பத்து.

— ஏழு பத்து.

— பலகையில பச்சை விளக்கு எரிஞ்சுது. பழுது இல்லைன்னு அர்த்தம். நான் எழுந்து நின்னு, விரலை நீட்டி, 'பதினேழு, பழுதில்லை, சரி!'ன்னேன். முறைப்படி. சத்தமா. பக்கத்துல இருந்தவரும் விரலை நீட்டி 'சரி'ன்னார். தூக்கினேன். விரலை நீட்டினது விளக்கைப் பார்த்து. தெருவைப் பார்த்து இல்லை. தெரு அங்கேருந்து தெரியாது.

— ஆஸ்பத்திரியில இருந்த நாலு பேரு?

— பிழைச்சாங்க. மூணு பேர் பிழைச்சாங்க.

— மிச்சி சானுக்குத் தெரியுமா?

— அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டேன். அன்னிலேருந்துதான் வீட்டு மெயினை அவ தூக்கினா.

— என் வீடுன்னு தெரிஞ்சே குடி வந்தீங்களா?

— இல்லை. சத்தியமா இல்லை. வீடு பார்த்தது அவதான். வந்த ரெண்டாம் வாரம் உங்க வீட்டுக்கு மாண்டரின் ஆரஞ்சு கொண்டு வந்தோம், ஞாபகம் இருக்கா? அதை உங்க வீட்டுக்காரர் படத்துக்கு முன்னாடி வெச்சு, கதையைச் சொன்னீங்க. தெருப் பேரு சொன்னீங்க. அன்னிக்கே கிளம்பிடணும்னேன். மிச்சிதான் விடலை. 'இரு. இருந்து, உன்னால முடிஞ்சதைச் செய்'ன்னா. அதான் நாலு வீட்டு வயரிங்கையும் பிரிச்சு மறுபடி கட்டினேன்.

— அதான் கூலி வேணாம்னீங்களா? ஆறு வருஷமா இவருக்கு நான் முள்ளங்கி ஊறுகாய் குடுத்துக்கிட்டு இருக்கேன், இமாய் சான்.

— அம்மா, சோதனையை இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?

— வேண்டாம், இப்பவே முடிச்சிடலாம். உங்களுக்கு அஞ்சு மணிக்கு வீடு இருக்கு. ஹதானோ சான், எழுந்திருங்க.

— காலி பண்ணிடறேன். மார்ச்வரைக்கும்கூட வேணாம்.

— எழுந்திருங்கன்னேன். மெயினைத் தூக்குங்க.

— கேட்டுட்டுமா சொல்றீங்க?

— கேட்டுட்டுத்தான். உங்க கைதான் வேணும்னு விதி இருக்காம்ல. தூக்குங்க.

— பிளக்கெல்லாம் பார்க்கணும்.

— பாருங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் பாருங்க. இமாய் சான், அவர் பின்னாடியே டார்ச்சைக் காட்டுங்க.

— இதோ, காட்டறேன். இந்தப் பக்கம், ஐயா.

— ஹீட்டர், மண்ணெண்ணெய், அணைச்சிருக்கு, சரி. ரைஸ் குக்கர், பிளக் கழட்டியிருக்கு, சரி. கால் குளிர் காயற ஹீட்டர் மேஜை... பிளக், கழட்டியிருக்கு. மேல துணி இல்லை. சரி. இஸ்திரிப் பெட்டி அலமாரிக்குள்ள. சரி.

— அலமாரியைத் திறந்து பார்த்தீங்களா?

— திறந்து பார்த்தேன், வீட்டுக்காரம்மா.

— குரல் கேக்கலை.

— அலமாரி, திறந்து பார்த்தாச்சு, சரி! அறையில ஆளு... வீட்டுக்காரம்மா, நின்னுக்கிட்டு இருக்காங்க, சரி. தம்பி, நின்னுக்கிட்டு இருக்கார், சரி. மெயின்... மெயின்...

— பாதகமில்லை. தள்ளுங்க.

— சரி!

— அப்பாடா! வந்துடுச்சு!

— கண்ணு கூசுது. இவ்ளோ பெரிய பல்பா மாட்டி வெச்சிருக்கீங்க? கடவுளே, இந்த வீட்டைப் பாருங்க. மிச்சி சான் படத்துக்கு மேல ஒட்டடை. என்ன சத்தம் அது?

— ஃப்ரிட்ஜ்.

— உள்ளே நவம்பர்லேருந்து என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லாதீங்க.

— அம்மா, ஐயா, மன்னிக்கணும். எல்லாரும் தயாரா? பட்டனை அமுக்கறேன். அமுக்கினா விழணும். டிரிப்பர் சோதனை, ஆரம்பம், சரி!

— போச்சு. மறுபடி இருட்டு.

— அப்படித்தான் விழணும்ங்க. டிரிப்பர், விழுந்தது, சரி! ரொம்ப நல்லா இருக்கு. இனி ஐயா இன்னொரு தடவை தூக்கி விட்டுட்டார்னா, முத்திரை வெச்சு முடிச்சிடலாம்.

— இன்னொரு தடவையா?

— சோதனைக்காக விழுந்ததுங்க. அப்படியே விட்டுட்டுப் போக முடியாதுல்ல.

— என்னால ஆகாது, தம்பி. ஒரு தடவை வீட்டுக்காரம்மா சொன்னாங்கன்னு தூக்கினேன். வெளிச்சம் வந்தவுடனே அவங்க முகம் தெரிஞ்சுது. அந்த முகத்தைத் தினமும் பார்த்துக்கிட்டு இந்த வீட்ல நான் எப்படி இருப்பேன்?

— இப்ப என் முகம் தெரியுதா?

— இல்லை.

— இமாய் சான், டார்ச்சை அணைங்க.

— அணைச்சா வாளி தெரியாதேங்க.

— அணைங்க. ஆங். ஹதானோ சான், நீங்க ஏழு பத்துக்கு அனுப்பினீங்களே, அது எங்க தெருவுல எத்தனை வீட்டுக்கு வந்திருக்கும்?

— நாப்பது, அம்பது.

— தீ முதல்ல பிடிச்சது எங்க ஒரு வீட்லதான். பக்கத்து வீட்லயும் ஹீட்டர் மாட்டித்தான் இருந்தது. அங்க பிடிக்கலை. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?

— மெயினை இறக்கிட்டு வெளிய வந்திருப்பாங்க.

— ஆமா. நான் செருப்புப் பட்டறையில பதினாறு வருஷம் தையல் மிஷின்ல உக்காந்தவ. எது நடந்தாலும் முதல்ல மெயினை இறக்குன்னு கையிலயே ஊறிப்போயிருந்தது. யோசிக்கவே வேணாம், கை தானா போகும். எங்க வீட்ல சமையல்கட்டுச் சுவர் மட்டும் நின்னுது. மெயின் அதுல. அன்னிக்குக் காலைலயும் என் கை தானா போச்சு. இறக்கினேன்.

— இறக்கினீங்களா?

— இறக்கினேன்.

— அப்படின்னா நான் அனுப்பினது உங்க வீட்டுக்குள்ள வந்திருக்கவே முடியாதே, வீட்டுக்காரம்மா.

— முடியாது. இறக்கிட்டுத்தான் ஜாக்கி தேட வாசலைத் தாண்டினேன். உத்தரத்துக்கு அடியிலேருந்து அவர் கூப்பிட்டார்.

— என்னன்னு?

— 'சுமியே, இருட்டா இருக்கு. கரண்ட் வந்தா வெளிச்சமாவது இருக்கும், அதைத் தூக்கி விட்டுட்டுப் போ'ன்னு. தூக்கி விட்டுட்டுத்தான் போனேன்.